அண்ணி கட்டிய சக்கரங்கள்

என் கைப்பையில் வீட்டுச் சாவியோடு இன்னொரு சாவியும் கிடக்கிறது. அது எந்தப் பூட்டையும் திறக்காது. சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு, நுனியில் சதுரமாக ஒரு பள்ளம், அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளை முறுக்கி இறுக்குகிற சாவி அது. பிடிக்கிற இடத்தில் இரும்பு தேய்ந்து குழிந்திருக்கும். அந்தக் குழி என் அண்ணியின் பெருவிரல் போட்டது. என் விரலை வைத்துப் பார்த்திருக்கிறேன், பொருந்தாது.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் பினாங்கு பட்டணத்தில் என் அண்ணன் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். இஞ்சின் மட்டும் மரப்பெட்டியில் வைக்கோல் சுற்றிக் கப்பலில் வரும். மற்றதெல்லாம் கை வேலைதான். குழாயை நெருப்பில் காட்டி வளைத்துச் சட்டம் செய்வார்கள். தகரத்தைத் தட்டித் தட்டிப் பெட்ரோல் தொட்டி செய்வார்கள். ஒரு வண்டி முடிய மூன்று நான்கு மாதம் ஆகும், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அதில் சக்கரம் கட்டுவது அண்ணியின் வேலை. அண்ணி புக்கிட் மெர்தாஜாமில் ரிக்‌ஷா பழுதுபார்க்கிற வீட்டில் பிறந்தவர். பூக்கட்டப் பழகும் முன்பே சக்கரம் கட்டப் பழகியவர். நாற்பது கம்பியையும் கோத்து, ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். எல்லாம் ஒரே மாதிரி ஒலித்தால்தான் சக்கரம் கோட்டமில்லாமல் ஓடும். காற்றடிக்கிற வால்வுக்குப் பக்கத்தில் வருவதுதான் முதல் கம்பி. அதில் ஒரு மஞ்சள் நூல் சுற்றிவிட்டு அங்கிருந்து எண்ணத் தொடங்குவார்.

ஆனால் அதை வெளியே சொல்லக்கூடாது. பட்டறையின் பின்பாதியில் ஒரு சாக்குத் திரை தொங்கும். அண்ணி அதற்குப் பின்னால் உட்கார்ந்துதான் வேலை செய்வார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் அங்கேதான். ஆள் முகத்தைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற பிள்ளை நான். அந்தத் திரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அண்ணிக்குப் பிடித்திருந்ததா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்த பெரிய கிராணி ஒருவர் வண்டி கட்டச் சொல்லியிருந்தார். வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு நாள் வந்தவர், தண்ணீர் கேட்டுத் திரையை விலக்கிவிட்டார். உள்ளே அண்ணி, மடியில் அவருடைய பின் சக்கரம்.

"என்ன தம்பி இது? பொம்பள கட்டுன சக்கரத்துல நான் உக்காந்து போறதா? ஆத்துப் பாலத்துல கழண்டுக்கிச்சுன்னா எம் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

அண்ணன் வேர்த்துப்போனார். "ஐயா கோவிச்சுக்காதீங்க. ஆள வெச்சு மாத்திக் குடுத்துடறேன்."

அண்ணி சக்கரத்தைச் சுவரில் சாய்த்தார், சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு சமையலுக்குப் போய்விட்டார். அன்று அரிசி களைந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி, "இனிமே சக்கரம் எல்லாம் வெளியாளுதானா?" என்று கேட்டார். அண்ணன் தட்டைப் பார்த்தபடியே, "ஊரு வாய்க்கு என்ன பண்றது?" என்றார். ஆக, அண்ணியின் வேலை அன்றோடு போனது.

மறுநாள் வெளியாள் ஒருவர் வந்தார். மஞ்சள் நூலைப் பார்த்து, "இதென்ன, சக்கரத்துக்கும் தாலியா?" என்று சிரித்துக் கத்தரித்து எறிந்தார். கம்பிகளைக் கழற்றித் திரும்பக் கோத்தார். வெட்டிய நூலோடு எண்ணிக்கையின் தலையும் போனது அவருக்குத் தெரியவில்லை. முதல் கம்பி ஒரு துளை தள்ளி விழுந்தது. சக்கரம் வட்டமாகத்தான் சுற்றியது. சனிக்கிழமை காலை கிராணி வந்து நிற்க, டயரை மாட்டிக் காற்றடிக்கப் போனால், இரண்டு கம்பிகள் வால்வுக்கு நேர்மேலே நெருங்கி நின்றன. பம்பின் தலை உள்ளே நுழையவில்லை. வெளியாள் நெம்பிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். காற்று ஏறவில்லை. பிறகு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் போனவர்தான்.

அண்ணன் அடுப்படிக்கு வந்து நின்றார். "கொஞ்சம் வந்து பாரேன்."

"வரேன். ஆனா திரைக்குப் பின்னால உக்கார மாட்டேங்க. கடைக்கு முன்னால அஞ்சடியில உக்காந்துதான் கட்டுவேன். இன்னிக்கு மட்டுமில்ல, என்னிக்கும்."

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அண்ணி போய்த் திரையை ஒரே இழுப்பாக இழுத்தார். ஆணியோடு வந்தது. பின்னால் ஒளிந்து நின்ற நான் வெளிச்சத்தில் கூசிப்போய் நின்றேன். "நீ ஏண்டி ஒளியற? நாம என்ன திருடிட்டா வந்தோம்?" என்றார் அண்ணி. அந்தச் சாக்கைக் கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் விரித்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ரிக்‌ஷாக்காரர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்க்கடைச் சீனர் நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கிராணி பெஞ்சில் குடையை ஊன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கம்பிகள் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்கியதும் அவர் தலை தானாகவே திரும்பியது. இந்தமுறை அண்ணி நூல் சுற்றவில்லை. முதல் கம்பியில் செம்புக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி ஈயத்தால் பற்றவைத்தார். "இத எவன் வெட்டறான்னு பாப்போம்."

மத்தியானம் காற்று ஏறியது. கிராணி ஏறி உட்கார்ந்து வண்டியை உதைத்துக் கிளப்பினார். அப்போதுதான் அண்ணி திரைச்சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, முன் சக்கரமும் நான் கட்டுனதுதான். எறங்கணும்னா இப்பவே எறங்கிடுங்க." தெருவே சிரித்தது. கிராணி இறங்கவில்லை. ஃபெரிக்கு நேரமாகிவிட்டது என்று முனகிக்கொண்டே போனார். அதற்குப் பிறகு அந்தத் திரை தொங்கவே இல்லை.

போன வருடம் கடற்கரைத் திடலில் பழைய மோட்டார் சைக்கிள்களை நிறுத்தியிருக்கிறார்கள் என்று மகள் கூட்டிப்போனாள். கயிற்றுக்குப் பின்னால் ஒரு வண்டியின் தொட்டியைப் பார்த்ததும் எங்கள் பட்டறை என்று தெரிந்துவிட்டது. முன்னால் ஓர் அட்டை: எல்லாம் கையால் கட்டியவர் என்று அண்ணன் பெயர். கயிற்றைத் தாண்டிக் குனிந்து வால்வுப் பக்கம் தடவினேன். செம்பு, இரண்டு சுற்று.

"பாட்டி, தொடாதீங்க லா," என்று ஓர் இளைஞர் ஓடிவந்தார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் பார்த்தது. எண்பது வயதில் இனி எந்தத் திரைக்குப் பின்னால் போய் நிற்பது? கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தேன். கம்பியின் தலையில் வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. "இந்தச் சக்கரம் ரெண்டையும் கட்டுனது எங்க அண்ணி. அட்டைய மாத்துங்க தம்பி. மாத்துற வரைக்கும் நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்." சொன்னபடியே பக்கத்தில் கிடந்த அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். இளைஞர் என் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள், இப்படி ஓர் அம்மாவை அவளும் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இளைஞர் பேனாவோடு வந்து அண்ணியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அண்ணன் பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது என்று எழுதக் குனிந்தார்.

சாவியால் அட்டையின் உச்சியைத் தொட்டுக் காட்டினேன். "கீழ வேணாம் தம்பி. மேல எழுதுங்க."