காஜா பெராங்கில் எச்சில் கேட்டவன்

பிச்சை கேட்டு வருகிறவருக்குக்கூட வாசலில் ஒரு மரியாதை உண்டு. எச்சில் கேட்டு வருகிறவனுக்குக் கிடையாது. காப்புறுதி விற்று அலைந்தவர்களே, கணக்கெடுப்புக்குப் படியேறியவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். மலாய் நாடு விடுதலை பெற்று ஒரு தலைமுறை கழிந்திருந்த சமயம். நான் ஒரு மரபணு ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். மனித மரபணுவுக்குள் தன்னைத்தானே நகலெடுத்து, வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் துண்டுகள் உண்டு. அவற்றைத் தேடுவதுதான் எங்கள் பிழைப்பு.

சாமி இருக்கிற கூடம்

மலாக்கா காஜா பெராங்கில் ஒரு வரிசை வீடு. அங்கே நாலு வயதுப் பையன் குமரன். லேசாக இடித்துக்கொண்டாலே முட்டி வீங்கிவிடும். பல் பட்டு உதடு கிழிந்தால் ரத்தம் நிற்காது. இது எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சொல்லி அவனுடைய டாக்டர் எங்களிடம் கேட்டிருந்தார். பையனுக்கு மருத்துவமனையிலேயே ரத்தம் எடுத்தாகிவிட்டது. ஆண்பிள்ளைக்கு இந்த நோய் பெரும்பாலும் தாய்வழியாக வரும் என்பதால், தாய் தேவி வாயைக் கொப்பளித்து ஒரு குழாயில் துப்பித் தந்தால் போதும்.

கூடத்தில் குழாயை நீட்டினேன். மாமியார் பாக்கியம் அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"விளக்கு எரியுற இடத்துல துப்பச் சொல்றீங்களே, நீங்க படிச்ச புள்ளதானே தம்பி?"

பளபளத்த குழாய்

தேவி குழாயை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், திரும்பக் கொண்டுவந்து தந்தார். ஆய்வுக்கூடத்தில் நானும் எல்லா வித்தையும் காட்டிப் பார்த்தேன். உள்ளே மனித வாடையே இல்லை. சவர்க்கார வாடைதான் இருந்தது. மறுபடி படியேறினேன்.

தேவி மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள் அவர்கள். கும்பிடுவது நம் சாமி, வீட்டில் பேசுவது மலாய். வெட்கம் என்பதற்கு மலாயில் 'மாலு' என்பார்கள். தேவிக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"எச்சில எப்படி விருந்தாளி கையில குடுக்கறது அண்ணே, மாலு லா, அதான் நல்லா கழுவிட்டேன்."

சுத்த ரத்தம்

எதற்கு வம்பு என்று இந்த முறை ஊசி குத்தி ரத்தமே எடுத்தேன். பாக்கியம் அம்மா பக்கத்தில் நின்று வர்ணனை கொடுத்துக்கொண்டே இருந்தார். தங்கள் பக்கம் யாருக்கும் இந்த நோய் இல்லையாம், தங்கள் ரத்தம் சுத்தமாம். பல ரத்தம் கலந்த வீட்டில் பெண் எடுத்ததால் வந்த வினையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் முடிவு தெரியாமல் நான் என்ன பேசுவது? தேவி வாசல்வரை கூடவே வந்து, மெதுவாகக் கேட்டார்.

"நான்தான் குடுத்தேன்னு வந்துட்டா, அப்புறம் எம்புள்ள மூஞ்சிய எப்படி அண்ணே பாப்பேன்?"

வழி தவறி வந்தது

முடிவு வந்தது. ரத்தம் உறையச் செய்யும் மரபணுவின் நடுவில், குமரனுக்கு ஒரு துண்டு புதிதாக வந்து ஒட்டியிருந்தது. தேவியின் ரத்தத்தில் அதே இடத்தில் அப்படி எதுவும் இல்லை. பிள்ளை உருவான நேரத்தில் அதுவாக வந்து சேர்ந்தது. அம்மாவிடம் இருந்த நோய் அல்ல.

இதை அந்த வீட்டில் போய் டாக்டரே சொன்னார், நானும் கூட இருந்தேன். பாக்கியம் அம்மா உடனே நம்பவில்லை. அந்தச் சனியன் துண்டு யார் யார் உடம்பில் இருக்கிறது என்று கேட்டார். எல்லார் உடம்பிலும் ஏராளமாக இருக்கிறது, உங்களுக்குள்ளும்தான், பெரும்பாலும் சும்மா கிடக்கும் என்றார் டாக்டர். பாக்கியம் அம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தேவி பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மாமியாருக்கு அவர் பதில் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"நான் குடுக்கல மாமி."

குமரனின் நோயைத் தீர்க்கும் வித்தை எங்களுக்குத் தெரியாது, ஒரு வீட்டின் ஏச்சை நிறுத்தும் வித்தை தெரிந்திருந்தது, ஆனால் அதை ஆராய்ச்சிக் கட்டுரையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவதென்றுதான் கடைசிவரை யாருக்கும் விளங்கவில்லை.