சொலாஞ்சின் மரச்செருப்பு

சொலாஞ் பதினாறு வயதில் எங்கள் ஊர்ப் பிரபுவின் மாளிகைக்கு வேலைக்கு வந்தாள். வேலைக்காரிகளின் காலடி எஜமானர்களுக்குக் கேட்கக் கூடாது. அத்தனை மென்மையான காதுகள் அவர்களுக்கு. அதனால் மரச்செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு நிழல் மாதிரி நடப்பாள். பிரபுவின் வம்சம் முடிந்து, மாளிகை கைவிடப்பட்ட மிருகங்களின் புகலிடமான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நடனக்கூடத்தில் படுத்திருக்கும் ஆடுகளுக்கிடையே சத்தமில்லாமல் மிதப்பாள்.

"யாரு முழிச்சுக்குவாங்கன்னு இப்படி நடக்கறீங்க? ஆடுங்களா?" என்பாள் புகலிடத்தை நடத்தும் ஒரேலி.

"கால் பழகிடுச்சும்மா. நீ வேணா அதுகிட்ட பேசிப் பாரு."

மழை கொட்டிய ஒரு நவம்பர் காலையில் லாயத்தின் கூரை ஒழுகியது. அங்கிருந்த கண் தெரியாத கிழட்டுக் குதிரையை சொலாஞ் மாளிகைக்கு அழைத்து வந்தாள். கயிறு கட்டினால் அது மிரளும். அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் பின்னால் வரும். வாசலில் வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். குதிரை அங்கேயே நின்றுவிட்டது. அதன் காதுகள் அவளைத் தேடித் திரும்பின.

"செருப்பைப் போட்டுக்குங்க," என்றாள் ஒரேலி மெதுவாக.

சொலாஞ் போட்டுக்கொண்டாள். ஐம்பது வருடம் துடைத்த பளிங்குத் தரையில் டொக், டொக் என்று நடந்தாள். பின்னால் நான்கு குளம்புகள் பதில் சொல்லிக்கொண்டே வந்தன. கூடத்தின் கடைசிக்குப் போன பிறகும் அவள் நிற்கவில்லை. இன்னொரு சுற்று போனாள்.