பனியில் நடந்த மாமா

மாமா பனிமலையிலிருந்து ரங்கூனுக்குத் திரும்பியதும் அலோன் பேட்டையிலிருந்த எங்கள் வீட்டில் முதல் சண்டை அவருடைய பூட்ஸை வைத்துத்தான் வந்தது. அவர் அம்மாவின் ஒரே தம்பி. வேலைவெட்டி இல்லாமல் துறைமுகப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தவரை, பூச்செடி தேடி வடக்கே மலையேறும் ஒரு துரைக்குச் சமையல்காரராக அனுப்பி வைத்தது அம்மாதான். அதற்காக அப்பாவை அவள் நச்சரித்த நச்சரிப்பு கொஞ்சமல்ல. போனவர் துரையாகவே திரும்பியிருந்தார். படுக்கும்போதும் காலுறை, அடுப்படி வரைக்கும் பூட்ஸ்.

"சாமி இருக்குற வீடுடா, கழட்டுடா!" என்று அம்மா கத்துவாள்.

"பழகிப்போச்சுக்கா" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். குளியலைக்கூட நாங்கள் எழுந்திருக்கும் முன்பே முடித்துவிடுவார்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது. பூட்ஸைப் பற்றி எனக்கென்ன? எனக்கு வேண்டியது பனிக்கதை. மரத்தூள் போட்டு மூடி வண்டியில் போகும் ஐஸ்கட்டியைத் தவிர வேறு குளிர்ச்சியை நான் கண்டதில்லை. மாசி, பங்குனியில் நாம் இங்கே வியர்த்து வழிகிறபோது அங்கே மலைப்பாதை முழுக்க இடுப்பளவு பனி கிடக்குமாம். அது உருகத் தொடங்கும் ஓரத்தில்தான் துரை தேடிய சிவப்புப் பூ பூக்குமாம். விடிவதற்குள் நடந்தால் பனி கல்லாகத் தாங்கும், வெயில் ஏறினால் ஆளை உள்ளே வாங்கிவிடும். அதனால் முன்னால் போகிறவன் கழியால் குத்திப் பார்த்து வைத்த அடியிலேயே பின்னால் வருகிறவனும் அடி வைக்க வேண்டும். மலை மாமாவை மிகவும் அவமானப்படுத்தியது பருப்பு விஷயத்தில்தான்.

"அந்த ஒசரத்துல தண்ணி கொதிக்கும் பாப்பா, பருப்பு வேகாது. பொழுதுக்கும் எரிச்சேன், கல்லு கல்லாவே கெடக்கு. துரை என்னைய ஒரு பார்வை பாத்தாரு பாரு!"

துடைப்பக் கட்டையால் தரையைக் குத்திக்கொண்டு அவர் கூடத்தில் நடப்பார். அவர் வைத்த அடியிலேயே நானும் அடி வைத்துப் போவேன். அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

இதற்கிடையில் பங்குனி வந்தது. தம்பி உயிரோடு திரும்பினால் பூக்குழி இறங்குவான் என்று எங்கள் தெரு அம்மனுக்கு அம்மா நேர்ந்திருந்தாள். நேர்ந்தவள் அம்மா, நெருப்பில் நடக்க வேண்டியவர் மாமா. அவர் நழுவினார். ஒரு நாள் காய்ச்சல் என்றார், இன்னொரு நாள் துரை மறுபடி கூப்பிடுவார் என்றார். "பனியில நடந்த வீரனுக்குப் பூவுல நடக்கப் பயம்" என்று அப்பா கேலி செய்தார். மாமாவின் வீரத்தைத் தெருப்பிள்ளைகளிடம் அளந்து வைத்திருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

காப்புக் கட்டும் நாளன்று அம்மா மஞ்சள் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது என் தம்பி அவள் வயிற்றில் இருந்தான்.

"நேந்துக்கிட்டவ நான். நீ எறங்கலேன்னா நான் எறங்குறேன்."

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாங்க்கா. நானே எறங்குறேன்" என்றார்.

பூக்குழியன்று சாயங்காலம் ஆற்றங்கரையிலிருந்து கரகத்தோடு கூட்டம் வந்தது. காலெல்லாம் மஞ்சளும் சேறுமாக இருந்தது, யார் கால் யாருடையது என்று தெரியவில்லை. மற்றவர்கள் நெருப்பின் மேல் ஓடினார்கள். மாமா நடந்தார். கூடத்தில் எனக்கு நடந்து காட்டியதுபோலவே ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்தார். கூட்டம் "தாயே!" என்று அலறியது. எதிர்வீட்டு பர்மாக்காரம்மா கைகூப்பி, அவர்கள் வாழ்த்தும் முறையில், "தாது, தாது" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குழியின் மறுமுனையில் பால் நிரப்பிய பள்ளத்தருகே அம்மா காத்திருந்தாள். அதில் இறங்கி ஏறிய மாமாவின் காலைத் துடைக்கக் குனிந்தவள் அப்படியே இருந்துவிட்டாள். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. மிச்ச விரல்கள் கறுத்திருந்தன.

"பனியாடா?"

மாமா தலையாட்டினார்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா, நாந்தான அனுப்பினேன்னு நீ அழுவ."

அம்மா அழவில்லை. அந்தக் காலை விடவும் இல்லை.

மறுநாள் மாமா இரண்டு கால்களிலும் துணிக்கட்டோடு பாயில் கிடந்தார். கொப்புளம் அதிகம், ஆறுவதற்கு நாளாகும் என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டுப் போனார். நான் மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரொம்ப வலிக்குதா மாமா?"

"இல்ல பாப்பா. ஒண்ணுமே தெரியல. மலையேறி வந்ததுலேருந்தே அப்படித்தான்."

அம்மன் கைவிடவில்லை! நான் அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, மாமாவுக்கு வலிக்கவே இல்லியாம்!"

கஞ்சி வடித்துக்கொண்டிருந்த அம்மா பானையைக் கீழே வைத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க அழத் தொடங்கினாள். இவ்வளவு நல்ல சேதி சொல்லியும் இவள் ஏன் அழுகிறாள் என்று, எனக்குக் கோபம் கோபமாக வந்தது.