என் தோலுக்குள் ஓடிய அலை

சென்ற ஆண்டு மார்கழியில் ஒரு காலை, குழாய்த் தண்ணீரில் கை வைத்ததும் என் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்துப் போயின. குளிர்தான் என்று விட்டுவிட்டேன். நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள்.

பங்குனிக்குள் கைத்தோல் தடித்து இறுகியது. மந்தாரக்குப்பத்தில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருப்பவள் நான். கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையவில்லை. புறங்கையைக் கிள்ளினால் தோல் பிடிபடவில்லை. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் ஸ்க்லீரோடெர்மா (உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கி இறுக்கும் நோய்) என்றார்கள். திரும்பும் பேருந்தில் குள்ளஞ்சாவடி வரை அழுதேன். அப்புறம் பசித்தது.

மாத்திரை தொடங்குமுன் முன்கையில் எலாஸ்டோகிராபி (அல்ட்ராசவுண்ட் கருவியால் தோலின் விறைப்பை அளக்கும் சோதனை) செய்தார்கள். பயப்படாதீர்கள், வலிக்காது. ஜெல்லைத் தாராளமாகத் தடவி, கருவியை அழுத்தாமல் வைக்கிறார்கள். அது தோலுக்குள் ஒரு சின்ன அதிர்வை அனுப்பும். இறுகிய தோலில் அந்த அலை வேகமாக ஓடும், இளகிய தோலில் மெதுவாகப் போகும். அன்று ஒன்றும் தெரியாமல் கையைத் தளரவிட்டுத்தான் படுத்திருந்தேன்; அப்படியும் என் தோலில் அலை பறந்தது.

ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். அதே வேகம்.

"மருந்து கேக்கலம்மா. மாத்த வேண்டியதுதான்" என்றார் டாக்டரம்மா. அடுத்த மருந்து கடுமையானது. மாதக்கணக்கில் கடையைப் பூட்ட வேண்டியிருக்கும்.

என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஓரமாக நின்றவர் வாயைத் திறந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. பெல்ட்டு இழுத்துகினு இருக்கும்போது ரப்பர் பதம் பாக்க மாட்டோங்க. தளர்த்திட்டுதான் பாப்போம். இவ பயத்துல கைய எப்படி வெறச்சிகினு கெடக்கறா பாருங்க."

"சும்மா இருங்க" என்று பல்லைக் கடித்தேன். மானம் போனது.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். என் கை கட்டிலின் விளிம்பைத் தள்ளிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே அதற்கடியில் ஒரு தலையணையை வைத்தார். என்னைப் பத்து நிமிடம் சும்மா படுக்கவைத்துவிட்டு, மூன்று முறை அளந்தார்.

"கொறஞ்சிருக்கும்மா! நல்லாவே கொறஞ்சிருக்கு. அதே மருந்த எடுங்க."

எங்கள் சுரங்க ஊரில் எல்லாமே ஷிப்டு கணக்கில் ஓடும். நானும் நாளுக்கு ஐந்து ரவிக்கை என்று ஓடியவள்தான். இப்போது என் உடம்பில் ஒன்று மெதுவாகப் போகிறது என்பதே எனக்குச் சந்தோஷம்.

இந்தத் தையில் கத்தரிக்கோலுக்குள் கட்டைவிரல் நுழைந்தது. ஒரு ரவிக்கைத் துணியை முழுதாக வெட்டி முடித்தேன். பிறகு என் புறங்கையைக் கிள்ளிப் பார்த்தேன். தோல் பிடிபட்டது. நேராகப் போய் வீட்டுக்காரர் கையையும் கிள்ளினேன்.

"ஏய், வலிக்குதுடி!" என்றார்.

இன்னொரு முறை கிள்ளினேன்.