நான் கழற்றிய போல்ட்

என் எழுத்து கோணலாகத்தான் வரும். நாலாம் வகுப்போடு நின்றவள். சொல்வது முன்பின்னாக இருக்கும், சிலது மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த போல்ட்டைக் கழற்றியது நான்தான். அதில் மட்டும் எனக்கு மறதி இல்லை.

எங்கள் ஊர் கேரள எல்லையில், கோவிந்தாபுரத்துக்குப் பக்கம். அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். சித்தப்பா ஒரு பழைய காரை வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கார் என்னைவிட மூத்தது. பின்கதவை மூட வேண்டுமென்றால் வெளியே ஒருவர் நின்று இடுப்பால் இடிக்க வேண்டும். சித்தப்பா ஊரையே சிரிக்க வைக்கிறவர். அப்பாவின் முன்னால் மட்டும் வாய் எழாது. அப்பா நின்றால் அவர் உட்கார மாட்டார்.

இவர்கள் இருவருக்கும் தங்கை என் அத்தை. கல்யாணமாகி ஆனைமலைப் பக்கம் போனவள், ஆனி மாதம் பிறந்ததும் ஒரு துணிப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை நீண்ட ஜாக்கெட் போட்டிருந்தாள். அது அந்த ஊர் நாகரிகம் என்று நினைத்து, எனக்கும் அப்படியே தைத்துத் தரச் சொல்லி அடம்பிடித்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கு அடித்தாள் என்று விளங்கவில்லை.

மாதம் முடியப் போகையில் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். ஆனி கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கே அத்தையைக் கொண்டுபோய் விட வேண்டும். மறுநாள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பஸ்ஸில் ஓடிவந்தவள் பஸ்ஸிலேயே திரும்பினால் மரியாதை இல்லை, காரில்தான் போக வேண்டும் என்றும் சொன்னார். என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். எல்லைச் செக்போஸ்ட்டைக் காரில் தாண்டப் போகிறேன் என்ற நினைப்பில் இரண்டு நாள் எனக்குச் சோறே இறங்கவில்லை. அத்தைக்கும் இறங்கவில்லை. அவளுக்கும் கார் ஆசைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலையில் கார் கிளம்பவில்லை. நாலு பேர் சேர்ந்து மாட்டாஸ்பத்திரி வரை தள்ளிக்கொண்டு போனார்கள், திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பேட்டரியின் தலையில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையும் பச்சையுமாகப் படிந்து கிடந்தது. அதனால் கரண்ட் போகவில்லை, ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டினால்தான் வண்டி எடுக்கும் என்றார் சித்தப்பா. அந்த போல்ட் கழலவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கொல்லங்கோட்டில் ஒர்க்‌ஷாப்பும் பூட்டு.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. சித்தப்பா ஸ்பானரைப் போட்டு முக்கிக்கொண்டே இருந்தார். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். கடிகார முள் சுற்றுகிற பக்கமாகவே தள்ளித் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"ஏன்டா, இன்னுமா கழலுல?" என்று அப்பா வாசலில் இருந்து சத்தம் போட்டார். "நாலரைக்கு ராகு காலம். அது முடியறப்ப வெளக்கு வெச்சிருவாங்க. வெளக்கு வெச்சதுக்கப்பறம் புள்ளைய அனுப்புவியா நீயி?"

"துருப்புடிச்சுக் கெடக்குதுங்ணா. நானென்னங்க பண்ணட்டும்?"

"சோத்தத் திங்கிறயே, அது எங்கடா போவுது?"

சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு, "அம்மிணி, இதத் தொட்டராத, ஷாக் அடிச்சுப் பல்லெல்லாம் கொட்டிப் போயிரும்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குக் கைகால் கழுவப் போனார். நிதானமாகத்தான் போனார்.

எங்கள் வீட்டில் ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளர் மாட்டிக்கொண்டால் அம்மா வெந்நீர் ஊற்றிக் கழற்றுவாள். டம்ளருக்கு ஆகிறது போல்ட்டுக்கு ஆகாதா? காப்பிக்கு வைத்திருந்த கொதிநீரை அடுப்பிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, பேட்டரித் தலையில் ஊற்றினேன். வெள்ளையெல்லாம் நுரைத்துக் கரைந்து வழிந்தது. உள்ளே ஈயம் தெரிந்தது. பாவாடையைச் சுருட்டி ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு, சித்தப்பா தள்ளிய பக்கமே தள்ளினேன். ம்ஹூம். சரி, மறுபக்கம் இழுத்துப் பார்ப்போம் என்று இரண்டு கையாலும் தொங்கினேன். கிறீச்சென்று ஒரு சத்தம். அதன் பிறகு விரலாலேயே சுற்ற வந்துவிட்டது.

"கழண்டிருச்சு! நாந்தாங்ப்பா கழட்டுனேன்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன்.

அப்பா வந்து பார்த்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "ஏன்டா டிரைவரு, காத்தாலருந்து நீ கழட்டாதத ஒரு பொட்டப்புள்ள கழட்டிப் போட்டாளே! மீசையச் செரச்சுப் போட்டு அவகிட்ட வேலை கத்துக்க, போ!"

கிணற்றடியில் இருந்து சித்தப்பா ஈரக் கையோடு நடந்து வந்தார். போல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எப்போதும் எதையாவது சொல்கிறவர் அன்றைக்கு ஸ்பானரை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தோற்றுவிட்ட கோபம் என்று எனக்குப் பெருமை இன்னும் கூடியது. அப்பா தலைமாட்டில் நிற்க, சித்தப்பா ஒயரைச் சுரண்டி மாட்டினார். முதல் தடவையிலேயே கார் உறுமியது. மணி நாலேகால்.

நான் பின்சீட்டில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். செக்போஸ்ட்டைத் தாண்டினோம், அம்பராம்பாளையம் ஆற்றையும் தாண்டினோம் என்று ஞாபகம். பிடித்த கையை விடவே இல்லை. விரல்கள் வலித்தன. மெச்சிக்கொள்கிறாள் என்று நினைத்து நானும் பொறுத்துக்கொண்டேன். வழக்கமாக ஒரு வளைவிலாவது என்னை ஹாரன் அடிக்க விடுகிற சித்தப்பா அன்று முழுக்கத் திரும்பியே பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் அத்தை மறுபடி பஸ்ஸில் வந்து இறங்கினாள். இந்தத் தடவை பை இல்லை. இடது கையை மடக்கவும் நீட்டவும் முடியவில்லை. அப்பா அந்தக் கையைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அனுப்புகிற பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. அத்தை எங்களோடேயே இருந்தாள். ஒற்றைக் கையால் எனக்குத் தலை பின்னிவிடப் பழகிக்கொண்டாள். சித்தப்பாவுக்குக் கேலி திரும்பி வந்தது. யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இவதாங்க நம்மூட்டு மெக்கானிக்கு" என்பார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். அத்தை சிரிப்பாள்.

சித்தப்பாவும் அத்தையும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு நாள் என் மகன் வாசலில் மொபெட்டைப் பிரித்துப் போட்டிருந்தான். ஒரு நட்டு வரவில்லை. உதவலாம் என்று ஸ்பானரை வாங்கி, சித்தப்பா தள்ளிய பக்கமே தள்ளினேன். "அட, அந்தப் பக்கம் திருப்புனா இன்னும் இறுகும்மா" என்றான்.

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த மனுஷன், காலையிலிருந்து வேர்க்க விறுவிறுக்க அதை இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

வண்டி வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். அந்தக் காலத்துப் பேட்டரிகளில், கடிகார முள் பக்கம் திருப்பினால் கழலுகிற போல்ட்டும் இருந்ததா? நான் பக்கத்தை மாற்றி ஞாபகம் வைத்திருக்கவும் கூடும். அப்படி இருந்தால் நல்லது.