எனக்குத் தெரியாத மூன்றாவது அடி

பிள்ளைப்பாக்கத்தில் நாங்கள் நான்கு பெண்கள் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். நால்வருக்கும் ஒரே கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலை. நான் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவள். பள்ளியில் படிக்கும்போது ஒயிலாட்டம் ஆடியிருக்கிறேன் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் வீட்டுக்கார அக்காவின் மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்பதாவது. இரண்டே நாளில் அக்கா மாடியேறி வந்தார்.

"இன்னாமா, உனுக்கு ஒயிலாட்டம் நல்லா வரும்னு இவ டீச்சராண்ட சொல்லிட்டா. ஆண்டு விழாவுக்கு ஆள் கெடைக்காம தேடிகினு கீறாங்க. கத்துக் குடுக்கிறியா?"

"குடுக்குறேன்க்கா" என்றேன்.

அந்த மாதம் எனக்கு செகண்ட் ஷிப்ட், காலையெல்லாம் சும்மாதான் இருந்தேன். மறுப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் ஆட்டக் குழுவில் நான் கடைசி வரிசை. முன்னால் ஆடுகிறவளின் குதிகாலைப் பார்த்து, அது போகிற பக்கமே என் காலையும் கொண்டுபோய் மூன்று வருடம் ஆடினேன். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

முதல் நாள் பதினான்கு பேர் எனக்குப் பின்னால் இரண்டு வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு கைக்குட்டை. முன்னால் போய்ப் பின்வாங்குகிற முதல் அடி வந்தது. பக்கவாட்டில் நகர்கிற இரண்டாவதும் வந்தது. மூன்றாவது, சுற்றித் திரும்பி உட்கார்ந்து எழுகிற அடி. கையைத் தூக்கினேன். எந்தக் காலை எடுத்து வைப்பது என்று தெரியவில்லை. எனக்கு முன்னால் பள்ளியின் காம்பவுண்ட் சுவர்தான் இருந்தது.

"மொதல்ல இந்த ரெண்டையும் நல்லாப் பழகுங்க" என்று சொல்லிவிட்டு தூக்கிய கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

எட்டு நாள் அந்த இரண்டு அடிதான். போனில் வீடியோக்களைப் பார்த்தேன். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி ஆடியது. பார்க்கும்போது கால் வந்தது, போனை வைத்ததும் போய்விட்டது. பள்ளியில் எனக்கு முன்னால் ஆடிய தோழி இப்போது திருப்பூரில் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டேன்.

"எனக்கு எங்கிட்டுடி ஞாபகம் இருக்கு? வாத்தியாரு விசில் அடிப்பாரு, நான் திரும்புவேன்" என்று சிரித்தாள்.

பிள்ளைகளில் உயரமானவள் ஒருத்தி எட்டாம் நாள் கேட்டே விட்டாள். "இன்னாக்கா, எப்பப் பாரு இதே ரெண்டு அடிதான் ஆடிகினு கீறோம்?"

அஸ்திவாரம், அது இது என்று ஏதோ பெரிய வாத்தியார் மாதிரி சொல்லிச் சமாளித்தேன். அன்றைக்கே தலைமையாசிரியை வந்து, வெள்ளிக்கிழமை முழு ஆட்டத்தையும் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று லைனில் இரண்டு பீஸைத் தப்பாக மாட்டி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

வியாழக்கிழமை காலை, பிள்ளைகளை மைதானத்தில் உட்காரவைத்தேன். "எனக்கு மூணாவது அடி தெரியாதும்மா. நான் பின்னாடி நின்னு அடுத்தவளப் பாத்து ஆடினவ. தெரியும்னு சொன்னது பொய். வேற ஆளப் பாக்கச் சொல்லி டீச்சர்ட்ட இன்னைக்கே சொல்லிடறேன்."

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு அக்காவின் மகள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"எங்களுக்கு மொத நாளே தெரியும்க்கா. கையத் தூக்கிகினு அப்பிடியே நின்னுட்டீங்களே!"

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னா நீங்க வரமாட்டீங்க. நீங்க வரலன்னா இந்த பீரியடுக்குக் கணக்கு டீச்சர் வந்துடுவாங்க."

உயரமானவள் எழுந்து சுடிதாரைத் தட்டிக்கொண்டாள். "நாங்க மூணு பேரு வீடியோ பாத்துப் பழகி வெச்சிகினு கீறோம். காட்டட்டுமா?"

காட்டினார்கள். கொஞ்சம் கோணல்தான். ஆனால் சுற்றினார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பாக வந்தது, கண்ணிலும் நீர் வந்தது. எட்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவளுக்கு அந்த நிமிடம் பயங்கரமாகப் பசித்தது.

அந்த மூவரையும் முன்வரிசையில் விட்டுவிட்டு நான் பின்னால் போனேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. யார் அரை அடி தாமதம், யார் எடையை முன்காலிலேயே வைத்துத் தடுமாறுகிறாள், ஒன்றும் தப்பவில்லை. கையால் தாளம் தட்டிக்கொண்டே திருத்தினேன். எப்போதும் எதிர்ப்பக்கம் திரும்புகிற ஒருத்தியை உயரமானவளுக்குப் பின்னால் நிறுத்தினேன்.

"அவ குதிகாலப் பாத்து ஆடு. அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றேன். இந்தத் தடவை பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை பார்த்த தலைமையாசிரியை, "மூணே அடிதானா?" என்றார்.

"மூணுதான் டீச்சர்."

"சரி, ஒழுங்கா வருது. போதும்."

ஆண்டு விழாவை நல்லவேளையாகக் காலையிலேயே வைத்தார்கள். மேடையில் ஒருத்தியின் கைக்குட்டை நழுவிப் பறந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சரின் மடியில் விழுந்தது. என் உயிர் போய்த் திரும்பியது. ஆடியவள் வெறுங்கையையே வீசி முகம் மாறாமல் ஆடி முடித்தாள். ஜனம் விசிலடித்தது. வீட்டுக்கார அக்கா நாற்காலிமேல் ஏறி நின்று போனில் பிடித்தார்.

ஒரு மணிக்குக் கம்பெனி பஸ். பள்ளியில் கொடுத்த லெமன் சாதத்தை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடிப்போய் ஏறினேன். ஜன்னலில் தலையைச் சாய்த்ததுதான் தெரியும். வல்லம் வடகாலில் கம்பெனி கேட் வந்ததும் பக்கத்து சீட்டுக்காரி தோளைப் பிடித்து உலுக்கித்தான் என்னை எழுப்ப வேண்டியிருந்தது.