நிமிராத தங்கையும் நகர்ந்த கொடியும்

என் தங்கை வென்றவை: பெண்கள் கோல்ஃப் போட்டியில் முதல் கோப்பை (எதிராளி இடிக்குப் பயந்து வீட்டுக்கு ஓடினாலும் கோப்பை கோப்பைதான்). ஆண்கள் உயரத்துக்குச் செய்த மட்டையை வைத்துக்கொண்டே ஓர் இரண்டாம் பரிசு. பரிசுப் பொருள் குடை. "ஒரு பொம்பளைகிட்டயா கத்துக்கறது?" என்று முகம் சுளித்தவர்களில் பாதிப் பேர்; இப்போது அவர்கள் அவளிடம் நேரம் கேட்டு நிற்கிறார்கள். கடைசியாக, பயிற்சியாளர் சான்றிதழ். அதைத்தான் எங்கள் கிளப் செயலாளர் ஒரு கொடியால் கெடுக்கப் பார்த்தார்.

நான் அந்த கிளப்பில் மட்டைகளுக்குக் கைப்பிடி ரப்பர் மாற்றுகிறவன். என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே பயிற்சித் திடல். அதனால் இங்கே எழுதியிருப்பது எல்லாம் கண்ணால் பார்த்தது.

பந்தை அடித்ததும் எல்லாரும் அது பறக்கும் திசையைப் பார்ப்பார்கள். என் தங்கை தரையைப் பார்ப்பாள். மட்டை பந்தை அடித்த வேகத்தில் புல்லையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு போகும். அந்தத் தழும்புக்குப் பெயர் டிவட். அது நீளவாக்கில் காட்டும் திசைதான் மட்டை வந்த வழி. வலக்கைக்காரரின் டிவட் இலக்குக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தால், மட்டையை வெளியிலிருந்து உள்ளே இழுத்திருக்கிறார். வலப்பக்கம் சாய்ந்தால், உள்ளிருந்து வெளியே தள்ளியிருக்கிறார். மட்டையின் நுனிப் பக்கம் மட்டும் ஆழமாகத் தோண்டியிருந்தால், கையைத் தூக்கிக்கொண்டு அடித்திருக்கிறார். இவ்வளவையும் குனிந்தபடியே சொல்லிவிடுவாள்.

"மேடம், பந்து எங்க போச்சுன்னாவது பாருங்களேன்" என்று மாணவர்கள் கெஞ்சுவார்கள்.

"அதான் போயிடுச்சே. இனிமே அதுகிட்ட என்ன பேச்சு?"

கிளப்பில் அவளுக்குக் 'குனிஞ்ச மேடம்' என்று பெயர். அவளுக்கும் தெரியும். அதற்கும் நிமிர்ந்ததில்லை.

செயலாளரின் டிவட்டுகள் ஒன்று விடாமல் இடப்பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். பந்தும் அதே வழியில் போகும். ஷூவைக் குறை சொன்னார், வெயிலைக் குறை சொன்னார், கடைசியில் பூமிக்கு வந்தார்.

"இந்தத் தரையே சாய்வும்மா."

"தரை சாய்வுன்னா எல்லாருக்கும்தானே சார் சாயணும்? நீங்க தோளைப் போட்டு இழுக்கறீங்க."

செயலாளருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பயிற்சியாளர் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தேறாவிட்டால் அவள் காலத்துக்கும் உதவியாளர்தான். பாடம் நடத்துவது அவள். மாணவர் அட்டையில் கையெழுத்துப் போடுவது, நிழலில் நாற்காலி போட்டுத் தூங்கும் தலைமைப் பயிற்சியாளர்.

சங்கத்திலிருந்து தேர்வாளர் அம்மா வருவதற்கு முந்தின மாலை, அவர் முன்னால் தானும் இரண்டு பந்து அடித்துக் காட்டும் ஆசையில், செயலாளர் ஒரு காரியம் செய்தார். வீச்சை மாற்றவில்லை. திடலின் கோடியில் இருந்த இலக்குக் கொடியைப் பிடுங்கி, தன் பந்து போய் விழும் இடப்பக்கத்தில் நட்டு வைத்தார். நிற்குமிடத்தில் கால்களை ஒழுங்குபடுத்தப் போட்டிருந்த வெள்ளைக் கோடு பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. இருட்டும்வரை கொடியை ஒட்டியே பந்தைப் போட்டுவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே போனார். காலையில் பழைய இடத்துக்கே மாற்றிவிடுவார் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

காலையில் தங்கை வந்தாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்து நின்றாள், அடித்தாள், குனிந்தாள். மறுபடி அடித்தாள், குனிந்தாள். பந்தெல்லாம் கொடிக்கு வெகு தூரம் வலப்பக்கம் கும்பலாகப் போய் விழுந்தது.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "உள்ளேருந்து வெளியே தள்றீங்க. இதை வச்சுக்கிட்டு மத்தவங்களுக்கு என்னத்தைச் சொல்லித் தருவீங்க?"

"நானும் படிச்சுப் படிச்சு சொல்லிட்டேன் மேடம்" என்றார் செயலாளர், வருத்தமாக.

"இங்க வந்து பாருங்க மேடம். டிவட் எல்லாம் கோட்டோட ஒட்டித்தான் போகுது" என்றாள் தங்கை.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். "ஆமா. அப்புறம் பந்து ஏன் கொடிக்குப் போகல?"

அப்போதுதான் என் தங்கை நிமிர்ந்தாள்.

"கொடி எப்ப சார் அங்க போச்சு?"

செயலாளர் வானத்தைப் பார்த்தார். தேர்வாளர் அவரிடம் மட்டையை நீட்டி, "நீங்க ஒண்ணு அடிங்க சார்" என்றார். அடித்தார். பந்து கொடியடியில் விழுந்தது. டிவட் வெள்ளைக் கோட்டை விட்டு விலகி இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

"உங்க டிவட்டும் கொடியும் ரொம்பத்தான் சிநேகிதமா இருக்கு" என்றார் அந்த அம்மா. கோட்டுக்கு நேரே திடலின் கோடிவரை நடந்து போய், தங்கையின் பந்துகளுக்கு நடுவே மூடப்படாமல் கிடந்த பழைய கொடிக்குழிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

தங்கை தேறினாள். பந்தைப் பார்ப்பதே இல்லை என்று மதிப்பெண்ணில் கொஞ்சம் வெட்டு. நியாயமான வெட்டு, ஒரு தடவை தலையைத் தூக்கியிருந்தால் இத்தனை பாடு இல்லை. நான் சொன்னேன். "பார்த்திருந்தா கொடிக்கு அடிச்சிருப்பேன், அவரு தப்பிச்சிருப்பாரு, போண்ணா" என்றாள்.

அடுத்த வாரம் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு திடலுக்கு வந்தார். "அந்தத் தோள் விஷயம் சொன்னீங்களேம்மா, அது என்ன?" பாடம் முடிந்ததும் அவருடைய அட்டையை நீட்டினார். பயிற்சியாளர் என்று அச்சிட்ட இடத்தில், குனிந்த தலை நிமிராமல், என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2019 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை.